கேள்வி கேட்கும் நோயாளி: பாதுகாப்பான சிகிச்சையில் நம் பங்கு

களுதாவளையில் தோட்டம் செய்யும் அறுபது வயதுக்காரர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். அவருக்குச் சீனி வருத்தமும் பிரஷரும் உண்டு. மாதம் ஒருமுறை ஆதார வைத்தியசாலைக் கிளினிக்கில் மருந்து எடுக்கிறார். முழங்கால் நோவு கூடும் நாட்களில் சந்தியிலுள்ள பாமசியில் நோவுக் குளிசை வாங்கிப் போடுகிறார். மகள் கவலைப்பட்டு, ஒருநாள் மாலை மட்டக்களப்பு நகரத்தில் ஒரு விசேட வைத்திய நிபுணரிடம் சனலிங்குக்கு அழைத்துச் செல்கிறாள். அங்கே இன்னும் சில குளிசைகள் எழுதப்படுகின்றன. பக்கத்து வீட்டில் சொன்ன ஒரு கசாயத்தையும் காலையில் வெறுவயிற்றில் குடிக்கிறார்.

இந்த நான்கு இடங்களில் எந்த இடத்தில் இருப்பவருக்கும் மற்ற மூன்றிலும் நடந்தது தெரியாது. கிளினிக்கில் லொசார்டன் என்ற பெயரில் கொடுத்த அதே பிரஷர் மருந்தை நகரத்து வைத்தியர் வேறொரு வணிகப் பெயரில் எழுதியிருக்கலாம். இவர் இரண்டையும் விழுங்கி, பாத்தியில் குனிந்து நிமிரும்போது தலை சுற்றி விழலாம். பாமசியில் வாங்கிய டைக்குளோபெனக் என்ற நோவுக் குளிசை, நீரிழிவால் ஏற்கெனவே பலவீனப்பட்ட சிறுநீரகத்தை மேலும் கெடுக்கலாம். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவரும் தம் வேலையைச் சரியாகத்தான் செய்திருப்பார்கள். எல்லாவற்றையும் சேர்த்து அறிந்தவர் ஒரே ஒருவர், அந்தத் தோட்டக்காரர். அவர் வாய் திறக்காவிட்டால் வேறு எவராலும் அதைச் சொல்ல முடியாது.

நோயாளர் பாதுகாப்பு என்ற பெரிய சொல்லின் அடிப்படை இவ்வளவுதான். நோயைத் தீர்க்கச் செய்யும் காரியம் நோயாளிக்கே தீங்காக முடியாமல் பார்த்துக்கொள்வது. பிழையான மருந்து, பிழையான அளவு, வைத்தியசாலையில் தொற்றிய கிருமி, ஆளை மாற்றி ஏற்றிய குருதி, காலம் தாழ்த்திக் கண்டறிந்த நோய் எல்லாம் இதற்குள் அடங்கும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, சிகிச்சை பெறுவோரில் ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்கு அந்தச் சிகிச்சையின்போதே ஏதோவொரு தீங்கு நேர்கிறது. அதில் பாதிக்கு மேல் தவிர்த்திருக்கக்கூடியது. தவிர்க்கக்கூடிய அந்தத் தீங்கில் ஏறத்தாழ பாதி மருந்துகளோடு தொடர்புடையது. 2019 முதல் ஒவ்வோர் ஆண்டும் செப்டெம்பர் 17ஆம் திகதி உலக நோயாளர் பாதுகாப்பு தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 2023இல் அந்த நாளின் கருப்பொருளே நோயாளிகளை இந்த வேலையில் பங்காளிகளாக்குவதுதான். நோயாளிகள் முறையாக ஈடுபடுத்தப்பட்டால் தீங்கின் சுமையை 15 வீதம் வரை குறைக்கலாம் என்று அதே நிறுவனம் சொல்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சிகிச்சையைப் பாதுகாப்பாக நடத்தும் பொறுப்பு வைத்தியசாலையினுடையது, அரசினுடையது. ஆளணி போதாமல் இருப்பதும் மருந்து தட்டுப்படுவதும் நோயாளியின் குற்றமல்ல. தீங்கு நேர்ந்த பிறகு "நீங்கள் கேட்டிருக்க வேண்டும்" என்று எவராவது சொன்னால் அதை நான் ஏற்கமாட்டேன். கேட்க முடிந்தவர் கேட்பதால் ஒரு பிழை நடக்குமுன் நிற்கக்கூடும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நமக்குப் புதிதல்ல

"டொக்டரிடம் திருப்பிக் கேட்பதா, கோபித்துக்கொள்வாரே" என்று நம் பக்கத்தில் பலர் தயங்குகிறார்கள். படித்தவர் முன் வாய் பொத்தி நிற்கும் பழக்கம் ஒரு காரணம். பின்னால் நீண்டு நிற்கும் வரிசை இன்னொரு காரணம். இரண்டும் எனக்கு விளங்குகிறது. ஆனால் கேட்கும் நோயாளி என்பவர் எங்கிருந்தோ வந்து இறங்கிய புது மனிதர் அல்ல. நம் ஊர்க் கர்ப்பிணித் தாய்மாரைப் பாருங்கள். கர்ப்பிணிப் பதிவட்டையைத் தாங்களே வைத்திருந்து ஒவ்வொரு கிளினிக்குக்கும் கொண்டுபோகிறார்கள். பிள்ளை வயிற்றில் அசைவதை எண்ணுகிறார்கள். அசைவு குறைந்தால் அடுத்த கிளினிக் வரை காத்திராமல் உடனே போகிறார்கள். கால் வீங்கினால், கண் மங்கினால் என்ன அர்த்தம் என்று குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வந்து சொல்லியிருப்பார். பிள்ளை பிறந்ததும் அதன் தடுப்பூசிகளும் நிறையும் பதியப்பட்ட புத்தகம் தாயின் கையில்தான் இருக்கிறது. வாகரையிலும் பொத்துவிலிலும் பள்ளிக்கூடம் அதிகம் போகாத தாய்மாரும் இதைத் தவறாமல் செய்கிறார்கள்.

அதே தாய்க்கு ஐம்பது வயதில் பிரஷர் வந்தால், கொடுத்த குளிசையின் பெயர்கூடத் தெரியாமல் "வெள்ளையாக ஒன்று, சிவப்பாக ஒன்று" என்கிறார். அவருக்குத் திறமை இல்லாமல் போகவில்லை. கர்ப்ப காலத்தில் செய்ததுபோல எவரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

மருந்து: அதிகம் பிழை நடக்கும் இடம், அதிகம் திருத்தக்கூடிய இடம்

ஒரு குளிசை நம் வாய்க்கு வருமுன் எழுதியவரின் கை, எடுத்துக்கொடுத்தவரின் கை, வாட்டில் என்றால் தாதியின் கை என்று பல கைகளைத் தாண்டி வருகிறது. கடைசியாகத் தொடுவது நம் கைதான். அந்தக் கைக்குத் தெரிந்திருக்க வேண்டியவை அதிகமில்லை. மருந்தின் பெயர் என்ன, எதற்காக, எவ்வளவு, எப்போது, எத்தனை நாளைக்கு. இதில் "எதற்காக" என்பதைத்தான் நாம் குறைவாகக் கேட்கிறோம். என் பார்வையில் அதுவே மிகவும் பயனுள்ள கேள்வி. கார்பிமசோல் என்பது தைரொயிட்டுக்குரியது, கார்பமசபின் வலிப்புக்குரியது. அவசர எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். "இது எதற்கு?" என்று கேட்டு "வலிப்புக்கு" என்று பதில் வந்தால், வலிப்பே இல்லாதவர் அந்த இடத்திலேயே விழித்துக்கொள்வார்.

நிறத்தையும் வடிவத்தையும் நம்பியிருக்க முடியாது. அரச வைத்தியசாலைக்கு மருந்து வரும் நிறுவனம் மாறினால், சென்ற மாதம் வட்டமாக இருந்த மெட்போமின் என்ற சீனிக் குளிசை இந்த மாதம் நீளமாக வரலாம். அதனால் ஒரு குளிசை மாறித் தெரிந்தால் இரண்டில் ஒன்றுதான்: அதே மருந்து வேறு தயாரிப்பில் வந்திருக்கிறது, அல்லது வேறு மருந்து வந்துவிட்டது. எது என்று வீட்டிலிருந்து ஊகிக்கக் கூடாது. மருந்தகத்தின் யன்னலை விட்டு நகருமுன் உறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, "இது போன முறை வேறு மாதிரி இருந்ததே" என்று கேட்டால் மருந்தாளர் ஒரு நொடியில் சொல்லிவிடுவார்.

மருந்துத் துண்டில் எழுதப்படும் சுருக்கெழுத்துக்களில் சிலவற்றைத் தெரிந்துவைத்தால் நல்லது. பி.டி. என்றால் நாளைக்கு இரண்டு வேளை. டி.டி.எஸ். என்றால் மூன்று வேளை. மானே என்பது காலை, நொக்டே என்பது இரவு. எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும். இந்தக் கடைசி வகையைத்தான் பலர் விளங்காமல் நாள்தோறும் போடுகிறார்கள். இன்னொரு மருந்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் பொதுவாக வாரத்தில் ஒரு நாள் மட்டும் போடுவது. பழக்கத்தில் அதைத் தினமும் போட்டு உயிராபத்துக்கு உள்ளானவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் எவருக்காவது அந்த மருந்து இருந்தால், எந்தக் கிழமை என்று உறையின் மேல் பெரிதாக எழுதுங்கள். வெள்ளி என்றால் வெள்ளி.

பனடோல் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிறோம். பனடோலும் பரசிட்டமோலும் ஒரே மருந்துதான். தடிமனுக்கு விற்கும் பல கலவைக் குளிசைகளிலும் அதுவே இருக்கிறது. 500 மில்லிகிராம் குளிசையை வளர்ந்த ஒருவர் 24 மணித்தியாலத்தில் 8க்கு மேல் போடக்கூடாது. ஈரல் வருத்தம் உள்ளவர்களுக்கும் உடல் மெலிந்தவர்களுக்கும் அதைவிடக் குறைவு. உறைக்கு உறை பெயர் வேறாக இருப்பதால் தெரியாமலே இரட்டிப்பாக்கிவிடுகிறோம்.

ஒவ்வாமை பற்றிச் சொல்லும்போது "ஏதோ ஓர் ஊசி போட்டதும் எனக்கு உடம்பெல்லாம் தடித்தது" என்பது பாதிச் செய்திதான். எந்த மருந்து என்று அன்றைக்கே கேட்டு எழுதி வாங்கி, கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதிவைக்க வேண்டும். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவருக்கு அமொக்சிசிலினும் ஆகாது. இரண்டும் ஒரே குடும்பம். கேட்டால் மட்டும் சொல்வது என்று இருக்காதீர்கள். புதிதாக எந்த ஊசி போடும்போதும் நீங்களாகவே சொல்லுங்கள். கொப்பியை எவரும் அப்போது புரட்டிப் பார்க்காமல் இருக்கலாம்.

அம்பாறை மாவட்டத்தின் உட்பகுதியில், மகாஓயா, தெஹியத்தகண்டி பக்கங்களில், காரணம் தெளிவாகத் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் நெடுங்காலமாக மக்களை வருத்துகிறது. கரையோரத்திலும் நீரிழிவால் சிறுநீரகம் பழுதடைந்தவர்கள் இல்லாத ஊர் இல்லை. இவர்களுக்கு வீட்டு மருந்தும் கைமருந்தும் சின்ன விடயம் அல்ல. டைக்குளோபெனக், இபுபுரோபன் போன்ற நோவு மருந்துகளை வைத்தியரைக் கேளாமல் போடக்கூடாது. செவ்விளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் அதை வெளியேற்ற முடியாத நிலையில் இதயத் துடிப்பே தடுமாறும். நட்சத்திரப் பழத்தைச் சீனிக்கு நல்லது என்று சாறாக்கி வெறுவயிற்றில் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்தவர்களைப் பற்றி இலங்கை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஈஸ்வரமூலி இனச் செடிகளில் உள்ள அரிஸ்டலோக்கிக் அமிலமும் சிறுநீரகத்தை அழிப்பது. நாட்டு வைத்தியத்தை இழிவாகப் பேச இதைச் சொல்லவில்லை. பரியாரியாரிடம் போவதை ஆங்கில வைத்தியரிடம் மறைப்பதுதான் ஆபத்து. ஏசுவார் என்று மறைக்கிறோம். ஏச்சைத் தாங்கிக்கொள்ளலாம். கசாயத்தின் பெயரைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் அந்த இலையையோ போத்தலையோ கொண்டுபோய்க் காட்டுங்கள்.

நோன்பும் விரதமும் அப்படித்தான். கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, காத்தான்குடி பக்கங்களில் ரமழான் மாதம் முழுவதும் நோன்பிருப்பவர்களும், கந்தசஷ்டிக்கு 6 நாட்கள் விரதமிருப்பவர்களும் நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்களாக இருந்தால், இன்சுலின், கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் போன்றவற்றின் அளவையும் நேரத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். இதை நோன்பு தொடங்கும் வாரத்தில் கேட்டால் காலம் போதாது. ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே வைத்தியரிடம் "நான் நோன்பு பிடிக்கப்போகிறேன், மருந்தை எப்படி மாற்றுவது?" என்று கேட்பதே முறை. நோன்பு பிடிக்கலாமா என்று கேட்டால் சிலர் வேண்டாம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். நோயாளி வீட்டுக்கு வந்து தன் விருப்பப்படி மருந்தை விட்டுவிடுவார். எப்படி மாற்றுவது என்று கேட்டால் பேச்சு நடக்கும். நடுக்கம், வியர்வை, குழப்பம் வந்தால், அல்லது குருதியில் குளுக்கோஸ் டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேலே ஏறினாலோ, நோன்பை முடித்துக்கொள்ள வேண்டும். உகந்தை வழியாகக் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்களும் இதே பேச்சைப் புறப்படுமுன் பேசிவிட வேண்டும். குமண காட்டுக்குள் இறங்கியபின் கேட்க எவரும் இருக்கமாட்டார்கள்.

இவ்வளவையும் நினைவில் வைப்பது யாராலும் ஆகாது. வீட்டிலுள்ள எல்லா மருந்தையும், அதாவது கிளினிக்கில் தந்தது, சனலிங்கில் எழுதியது, பாமசியில் வாங்கியது, எண்ணெய், லேகியம், வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய விற்றமின் எல்லாவற்றையும், ஒரே பையில் போட்டு அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள். வைத்தியருக்குப் பத்துக் கேள்வி கேட்கும் வேலை மிச்சம். அதோடு ஒவ்வோர் அட்டையையும் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். மார்கழி வெள்ளத்தில் கிளினிக் கொப்பி நனைந்து கரைந்துபோன வீடுகள் நம் பக்கத்தில் கொஞ்சமா? கொப்பிக்கு ஒரு பொலித்தீன் உறை, கைப்பேசியில் ஒரு படம், கட்டாரிலோ லண்டனிலோ இருக்கும் பிள்ளைக்கு அதன் பிரதி. தொலைபேசியில் ஆலோசனை சொல்லும் பிள்ளை எதைப் பார்த்துச் சொல்கிறது என்பதும் தெரிந்திருக்கும்.

ஒரு நிமிடத்துக்குள் பேசுவது

வெளிநோயாளர் பிரிவில் வைத்தியர் முன் அமரும் நேரம் மிகக் குறைவு. அதனால் சுற்றி வளைக்காமல், முதன்மையான தொல்லையை முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். எப்போது தொடங்கியது, எங்கே, எது கூட்டுகிறது, எது குறைக்கிறது, இதற்கு இதுவரை என்ன போட்டீர்கள். "மூன்று நாளாக நடந்தால் நெஞ்சு அடைக்கிறது, இருந்தால் விடுகிறது" என்று சொன்னவருக்கு உடனே ஈ.சி.ஜி. எடுக்கப்படும். "உடம்பு சரியில்லை டொக்டர்" என்று தொடங்கி, எழுந்து போகும்போது "நெஞ்சும் கொஞ்சம்" என்று இழுப்பவர் பனடோலோடு வீட்டுக்குப் போகக்கூடும்.

காய்ச்சலில் இது இன்னும் முக்கியம். மாரி மழைக்குப் பின் மட்டக்களப்பில் டெங்கு ஓயாது. டெங்குவின் அபாயக் கட்டம் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதில்லை. பெரும்பாலும் காய்ச்சல் விடும் வேளையில்தான் வருகிறது. அதனால் காய்ச்சல் தொடங்கிய நாளும் நேரமும் வைத்தியருக்கு மிகவும் தேவையான தகவல். அதை இரத்தப் பரிசோதனை சொல்லாது, நீங்கள்தான் சொல்ல முடியும். நாட்காட்டியில் குறித்துவையுங்கள். டெங்குவாக இருக்கலாம் என்றால் டைக்குளோபெனக், இபுபுரோபன், அஸ்பிரின் எதுவும் வேண்டாம். அவை குருதிப்பெருக்கைக் கூட்டும். குழந்தைக்குப் பாமசியில் கேட்டு வாங்கும் காய்ச்சல் மருந்திலும் இபுபுரோபன் இருக்கலாம், பெயரைப் பாருங்கள். காய்ச்சல் விட்ட பின் கடும் வயிற்று நோவு, விடாத வாந்தி, கைகால் குளிர்தல், அமைதியின்மை, சிறுநீர் குறைதல், இரத்தக் கசிவு ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே வைத்தியசாலைதான். வாகனம் இல்லாவிட்டால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

வயலில் பாம்பு கடித்தவருக்கும் அப்படியே. கடித்த நேரம், அதற்குப் பின் கட்டியது, தடவியது, குடித்தது எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

மொழி ஒரு தடையாக வரும். அம்பாறை நகர வைத்தியசாலையில் சிங்களம் மட்டும் பேசும் ஊழியர்கள் அதிகம். மட்டக்களப்பிலும் தென்னிலங்கையிலிருந்து வந்த வைத்தியர்கள் பணியாற்றுகிறார்கள். அரைகுறையாக விளங்கித் தலையாட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. "விளங்கவில்லை, தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிட முடியுமா?" என்று கேட்பது சலுகை கேட்பதல்ல. கூடவந்த சின்னப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தாயின் நோயைப் பற்றிய கெட்ட செய்தியைப் பிள்ளையே சொல்லும்படி ஆகிவிடும், பாதியை விட்டும்விடும். மருந்தின் பெயர் எந்த மொழி பேசும் வைத்தியருக்கும் பொது என்பதால், அட்டையின் படம் இங்கேயும் கைகொடுக்கும்.

எழுந்து வருமுன் ஒரு காரியம் செய்யுங்கள். "டொக்டர், நான் விளங்கிக்கொண்டது சரியா என்று சொல்லிப் பார்க்கிறேன். இந்தக் குளிசை சாப்பாட்டுக்குப் பின் இரவில் ஒன்று, இரண்டு கிழமைக்கு. கால் வீங்கினால் முன்கூட்டியே வர வேண்டும். சரிதானே?" பிழையாக விளங்கியிருந்தால் அங்கேயே திருந்திவிடும். கேட்டதற்காக முகம் சுளிக்கும் வைத்தியர்கள் இருக்கிறார்கள்தான். ஆனால் தான் சொன்னதையே திருப்பிச் சொல்லும் நோயாளியைக் கோபிப்பவர்கள் குறைவு.

வாட்டில் இருக்கும்போது

நம் ஊர்களில் ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். ஒரே வாட்டில் இரண்டு தங்கராசா, இரண்டு பாத்திமா இருப்பது சாதாரணம். "தங்கராசாதானே?" என்று கேட்டால் நோவிலும் தூக்கத்திலும் எவரும் ஆம் என்று தலையாட்டுவார்கள். ஊசிக்கு முன், குருதி எடுக்குமுன், ஸ்கேனுக்குக் கொண்டுபோகுமுன் முழுப் பெயரையும் வயதையும் ஊரையும் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். குருதி ஏற்றும்போது இது இன்னும் கண்டிப்பு. பொருந்தாத குருதி ஏறுவதற்கு ஆய்வுகூடப் பிழையைவிட ஆள் மாறாட்டமும் எழுத்து மாறாட்டமுமே பெரும் காரணங்கள். பையில் உள்ள பெயரும் குருதி வகையும் உங்களுடையதா என்று கேட்டுப் பாருங்கள். ஏறத் தொடங்கியதும் குளிர் நடுக்கமோ முதுகு நோவோ மூச்சடைப்போ வந்தால் காலை வரை பொறுத்திருக்காமல் உடனே கூப்பிட வேண்டும்.

"மிஸ், இது என்ன ஊசி?" என்ற ஒரு கேள்வி போதும். தாதியர் ஒரு கையால் பல வேலை பார்ப்பவர்கள். அந்தக் கேள்வி அவர்களையும் ஒரு கணம் நிறுத்தி உறையைப் பார்க்க வைக்கும். மருந்து ஏற்றுவதற்காகக் கையில் கனியுலா என்ற சிறு குழாய் குத்திய இடம் சிவந்தாலோ நோந்தாலோ சொல்லுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் சாப்பாடு வந்த பிறகே போட்டுக்கொள்வதும், வீட்டிலிருந்து வரும் சாப்பாட்டைப் பற்றித் தாதியிடம் சொல்வதும் நல்லது.

கை கழுவுவது பற்றி 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் கண்டு சொன்னார்: பிரசவ விடுதியில் மருத்துவர்கள் கையைச் சுத்தம் செய்யத் தொடங்கியதும் தாய்மாரின் இறப்பு பெருமளவு குறைந்தது. இன்றும் அதே உண்மைதான். வைத்தியரிடம் "கை கழுவினீர்களா?" என்று கேட்க நம்மில் பலருக்குத் துணிவு வராது, அதைக் குறையாகச் சொல்லமாட்டேன். நம் பக்கத்திலிருந்து தொடங்கலாம். பார்க்க வருபவர்கள் கட்டிலில் ஏறி இருப்பதும், ஒரு நோயாளியைத் தொட்டு அடுத்தவரைத் தொடுவதும், கைக்குழந்தையை வாட்டுக்குள் கொண்டுவருவதும் நிற்க வேண்டும். துணைக்கு நிற்பவர் கை கழுவுவதைப் பார்த்தால் மற்றவர்களும் கழுவுவார்கள்.

சத்திரசிகிச்சைக்கு முன் பயன்படுத்தும் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்டது. 8 நகரங்களின் மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்திப் பார்த்ததில் இறப்பு 1.5 வீதத்திலிருந்து 0.8 வீதமாகக் குறைந்தது என்று 2009இல் அறிக்கை வந்தது. மயக்க மருந்து கொடுக்குமுன் அந்தப் பட்டியலின் முதல் வேலை, நோயாளியிடமே பெயர், சத்திரசிகிச்சை, எந்த இடம், சம்மதம் ஆகியவற்றை உறுதிப்படுத்துவது. ஆகவே எவராவது இவற்றைக் கேட்டால் "உங்களுக்குத் தெரியாதா?" என்று எரிச்சல்படாதீர்கள், சரியாகத்தான் நடக்கிறது. கேட்காவிட்டால் நீங்களே "வலது கண்தானே டொக்டர்?" என்று சொல்லுங்கள். அஸ்பிரின், குளோபிடோகிரல், வார்பரின் போன்ற குருதி உறைவதைத் தடுக்கும் மருந்து எடுக்கிறீர்கள் என்பதையும், முன்பு மயக்க மருந்தில் சிக்கல் வந்ததா என்பதையும், கட்டுப்பல் இருப்பதையும் சொல்ல வேண்டும். சம்மதப் படிவத்தில் கையொப்பமிடுமுன் என்ன செய்யப்போகிறார்கள், செய்யாவிட்டால் என்னவாகும், வேறு வழி உண்டா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

துண்டு வெட்டும் நாள்

வீட்டுக்கு விடும் நாளில் எல்லோருக்கும் அவசரம். முச்சக்கரவண்டி வாசலில் நிற்கும். அந்த நேரத்தில்தான் பல விடயங்கள் கைநழுவிப் போகின்றன. நோய் விபர அட்டையைக் கையில் வாங்கி, உங்கள் பெயர் சரியா என்று பாருங்கள். முன்பு எடுத்த மருந்துகளில் எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது, புதிதாக எது என்பதைக் கேளுங்கள். பழைய உறைகளும் புதிய உறைகளும் வீட்டில் ஒரே தட்டில் சேர்ந்து கிடப்பதால்தான் இரட்டை மருந்து நடக்கிறது. வராத பரிசோதனை முடிவு ஏதாவது இருக்கிறதா, அதை யாரிடம் எப்போது கேட்பது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். "முடிவு வந்தால் சொல்வார்கள்" என்று இருப்பது போதாது. தசைத் துண்டுப் பரிசோதனை போன்றவற்றில் எவரும் கேட்காத அறிக்கை கோப்பில் கிடந்து, நோய் முற்றிப்போகக்கூடும்.

பிரஷர் மருந்தும் வலிப்பு மருந்தும் சுகமாகிவிட்டது என்று நாமே நிறுத்தும் மருந்துகள் அல்ல. மாதக்கணக்கில் எடுத்த பிரெட்னிசலோன் என்ற ஸ்டெரொயிட் மருந்தைத் திடீரென்று விடுவதும் ஆபத்து. நிறுத்துவதையும் ஒரு மருந்து தொடங்குவதைப் போலவே கேட்டுச் செய்ய வேண்டும்.

தனியாக இருக்கும் முதியவர்களுக்கும் பேச முடியாத நிலையில் இருப்பவர்களுக்கும் இவையெல்லாம் எப்படி முடியும் என்று கேட்கலாம். வீட்டில் ஒருவரை இதற்கென்று வைத்துக்கொள்ள வேண்டும். பத்துப் பேர் பார்க்க வருவதைவிட, மருந்துகளும் ஒவ்வாமையும் கிளினிக் திகதியும் தெரிந்த ஒருவர் இருப்பது மேல். அவர் மருமகளாக இருக்கலாம், அயல்வீட்டு ஆசிரியராகவும் இருக்கலாம். வைத்தியரிடம் "இவர்தான் எனக்காகப் பேசுவார்" என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பிழை நடந்துவிட்டால் அல்லது நடக்கப் பார்த்தால், முதலில் அங்கேயே சொல்லுங்கள். மாறிவந்த மருந்தை வாங்கி வீட்டில் எறிந்துவிட்டால், அடுத்தவருக்கும் அது போகும். உறையைத் திருப்பிக் கொண்டுபோய்க் காட்டினால் அந்த அலுமாரியே சரிபார்க்கப்படும். விளக்கம் கிடைக்காவிட்டால் எழுத்தில் கொடுக்கலாம்: திகதி, நேரம், வாட்டு, நடந்தது, உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்பது. வசவு வேண்டாம், ஊகமும் வேண்டாம். பெரிய வைத்தியசாலைகளில் பணிப்பாளருக்கும், மற்றவற்றில் வைத்திய அத்தியட்சகர் அல்லது பொறுப்பு வைத்திய அதிகாரிக்கும் அந்தக் கடிதம் போக வேண்டும், பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். வைத்தியர் ஒருவரின் தொழில் நடத்தை பற்றிய முறைப்பாடு என்றால் கொழும்பிலுள்ள இலங்கை மருத்துவ சபைக்கு எழுதலாம். மாகாண சபையின் கீழுள்ள வைத்தியசாலைகளுக்குப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பொறுப்பு. மட்டக்களப்புக்கு மட்டக்களப்பிலும், அம்பாறையின் கரையோரத்துக்குக் கல்முனையிலும் தனித்தனிப் பணிமனைகள் இருக்கின்றன. அதனால் பொத்துவிலிலிருந்தோ நிந்தவூரிலிருந்தோ இதற்காக அம்பாறை நகரம் வரை போக வேண்டியதில்லை.